டிரெய்லரில் இருந்து வேலை: மானம் போகாமல் காக்கும் வழிகள்

அமெரிக்காவில் ரிமோட் வேலை கிடைத்தவர்கள் பலருக்கு இந்த ஆசை வந்துவிடுகிறது. அபார்ட்மென்டைக் காலி செய்துவிட்டு ஒரு டிராவல் டிரெய்லர் வாங்கி, பிக்கப் டிரக்கின் பின்னால் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். கட்டில், கிச்சன், டாய்லெட் எல்லாம் உள்ளேயே இருக்கும். காலையில் யூட்டாவின் செம்மலைகளைப் பார்த்தபடி லேப்டாப்பைத் திறக்கலாம். நியாயமான ஆசைதான், செய்யவும் முடியும்.

ஆனால் ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் நீங்கள் இல்லாமல், காரணம் கேட்டால் "பிரேக்கர் ட்ரிப் ஆகிவிட்டது" என்றால், முதல் முறை சிரிப்பார்கள். இரண்டாம் முறை மேனேஜர் மனதில் குறித்துக்கொள்வார். அப்ரைசலில் உங்களுக்குப் போட்டி, தினமும் ஆபீஸ் வந்து அவர் கண்ணில் படுகிறவர். டிரெய்லர்காரர்கள் வழக்கமாக மானத்தை இழக்கும் இடங்கள் எவை என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரிந்ததுதான். அந்தத் தவறுகளை இன்னொருவர் செலவில் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் இலக்கு ஒன்றுதான்: நீங்கள் டிரெய்லரில் இருப்பது உங்கள் வேலையில் தெரியவே கூடாது.

1. முதலில் பேப்பர், பிறகு டிரெய்லர்

எச்-1பி விசாவில் இருக்கிறீர்களா? அப்படியானால் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். உங்கள் விசா, நீங்கள் எந்த இடத்தில் வேலை பார்க்கிறீர்கள் என்பதோடு கட்டப்பட்டது. வேலை செய்யும் இடம் அந்தப் பெருநகர்ப் பகுதியைத் தாண்டி மாறினால், கம்பெனி திருத்திய மனு தாக்கல் செய்ய வேண்டும். 2015-இல் வந்த சிமியோ சொல்யூஷன்ஸ் தீர்ப்பு இதைத் தெளிவாக்கிவிட்டது. குறுகிய காலத்துக்குச் சில விலக்குகள் உண்டு. அவை உங்களுக்குப் பொருந்துமா என்று முடிவு செய்ய வேண்டியவர் கம்பெனியின் இமிக்ரேஷன் வக்கீல். வாட்ஸ்அப் குரூப் நண்பரின் அனுபவம் உங்களுக்குச் சட்டம் ஆகாது.

கிரீன் கார்டு, சிட்டிசன்ஷிப் இருப்பவர்களுக்கும் வரிக் கேள்வி உண்டு. டெக்சஸ், ஃப்ளோரிடா, தெற்கு டகோட்டா மாநிலங்களில் தனிநபர் வருமான வரி கிடையாது. கலிபோர்னியாவில் உண்டு. எங்கிருந்து வேலை பார்க்கிறீர்கள் என்பது பேரோல் டீமுக்குத் தெரிந்தாக வேண்டும். ஒளித்து வைத்து லாக்-இன் விவரத்தில் மாட்டிக்கொள்வதைவிட அவமானமான வழியில் வேலையை இழக்க முடியாது. மேனேஜரிடமும் எச்.ஆரிடமும் ஈமெயிலில் அனுமதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது. மேனேஜர் மாறினால் அது காற்றோடு போய்விடும்.

2. டீலர் சொல்லும் எடையை நம்பாதீர்கள்

"உங்கள் டிரக் 9,000 பவுண்ட் இழுக்கும் சார்" என்பார் விற்பவர். அந்த எண் உண்மையாகவே இருக்கலாம். உங்கள் காலை வாருவது வேறொரு எண். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு மஞ்சள் நிற ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் போட்டிருக்கும். அதுதான் பேலோட்.

கணக்கைப் பாருங்கள். சாமான் ஏற்றிய டிரெய்லர் 7,000 பவுண்ட் என்று வைத்துக்கொள்வோம். அதன் முன்பகுதி டிரக்கின் கொக்கி மேல் 10 முதல் 15 சதவீத எடையை இறக்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் ஹைவேயில் வாலாட்டும். 13 சதவீதம் என்றால் 910 பவுண்ட். நான்கு பேர் குடும்பம் 600 பவுண்ட். மொத்தம் 1,510. ஸ்டிக்கரில் 1,500 என்று இருந்தால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். டிரக்கில் இன்னும் அரிசி மூட்டைகூட ஏற்றவில்லை. டிரெய்லரின் 40 கேலன் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் 330 பவுண்டுக்கு மேல் கூடும் என்பதையும் அந்த 7,000-க்குள் சேர்த்தீர்களா என்று பாருங்கள்.

பிரோஷரில் இருக்கும் காலி எடையில் எந்தக் குடும்பமும் பயணம் செய்வதில்லை. டிரக் ஸ்டாப்புகளில் இருக்கும் கேட் (CAT) ஸ்கேல் எடைமேடையில், முழுதாக ஏற்றிய பிறகு நிறுத்தி எடை போடுங்கள். சில டாலர்தான் செலவு. டிரக்கை முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்ற டிரெய்லர் தேடுகிறவர்களும், டிரெய்லரை வாங்கிவிட்டு ஒரே ஆண்டில் டிரக்கை மாற்றுகிறவர்களும் இந்தக் கணக்கைப் போடாதவர்கள்தான்.

3. முதல் பயணம் வீட்டுப் பக்கத்திலேயே

வட அமெரிக்காவின் டிரெய்லர்களில் பெரும்பகுதி இண்டியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில் தயாராகிறது. வேகமாகக் கட்டுகிறார்கள். புது டிரெய்லரிலும் லூஸான பைப், சரியாக மூடாத ஜன்னல், ஒழுகும் கூரை சீலன்ட் இருக்கும் என்று எடுத்துக்கொண்டே கிளம்புங்கள். வீட்டிலிருந்து 30 மைல் தூரத்தில் ஒரு கேம்ப்கிரவுண்டில் இரண்டு இரவு தங்கி எல்லா ஸ்விட்சையும் போட்டுப் பாருங்கள், எல்லாக் குழாயையும் திறந்து பாருங்கள். வாரன்டி பெரும்பாலும் ஓராண்டுதான். கோடையில் டீலரின் சர்வீஸ் வரிசை நீளமாக இருக்கும். குறைகளைச் சீக்கிரம் கண்டுபிடிக்கிறவருக்கே லாபம்.

4. கிளம்பும்போது யாரோடும் பேசாதீர்கள்

வழக்கமான தவறுகள் இவை: டிவி ஆன்டெனாவை இறக்காமல் கிளம்பி மரக்கிளையில் மாட்டுவது, படிக்கட்டை மடக்காமல் கம்பத்தில் இடிப்பது, ஃபிரிட்ஜ் கதவைப் பூட்டாமல் போய்த் தரை முழுக்கச் சாம்பாரைக் கொட்டுவது, கரன்ட் கேபிளைப் பிடுங்காமல் இழுத்துக்கொண்டு போவது. எல்லாவற்றிலும் பெரியது, சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் டிரக்கிலிருந்து கழற்றுவது. டிரெய்லர் தானாக உருளத் தொடங்கினால் யாராலும் தடுக்க முடியாது.

இவற்றைச் செய்கிறவர்கள் அனுபவம் இல்லாதவர்கள் மட்டும் என்று நினைக்காதீர்கள். பத்தாண்டு அனுபவசாலியும் செய்கிறார். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பாதி வேலையில் பக்கத்து சைட்காரர் வந்து "எந்த ஊருக்குப் போறீங்க?" என்று பேச்சுக் கொடுத்திருப்பார், அல்லது போனில் ஸ்லாக் மெசேஜ் வந்திருக்கும். ஆகவே செக்லிஸ்டை அச்சடித்து லேமினேட் செய்து வையுங்கள். இடையில் யாராவது குறுக்கிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள். முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். ஒருவர் வாசிக்க, இன்னொருவர் கையால் தொட்டுப் பார்த்து "ஆச்சு" என்று சொல்ல வேண்டும். புரொடக்‌ஷன் ரிலீஸுக்கு ரன்புக் வைத்திருக்கிற நீங்கள் இதற்கு ஏன் மனதை நம்ப வேண்டும்?

5. உயரமும் வேகமும்

வட கரோலினாவின் டர்ஹம் நகரில் ஒரு ரயில் பாலம் இருக்கிறது. அதன் உயரம் 11 அடி 8 அங்குலமாக இருந்தது. கீழே போன டிரக்குகளின் கூரையை உரித்து உரித்தே அது உலகப் புகழ் பெற்றது. 2019-இல் 8 அங்குலம் உயர்த்தினார்கள். அதன் பிறகும் முட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கூரை ஏசியையும் சேர்த்து உங்கள் டிரெய்லரின் உயரத்தை நீங்களே டேப் வைத்து அளந்து, டாஷ்போர்டில் ஒட்டுங்கள். சாதாரண கார் ஜிபிஎஸ் உங்கள் உயரத்தைக் கேட்பதில்லை. நியூயார்க்கின் பழைய பார்க்வேக்களில் டிரெய்லருக்கு அனுமதியே இல்லை. பால்டிமோரின் துறைமுகச் சுரங்கச் சாலைகளில் புரொபேன் சிலிண்டரோடு போகக் கூடாது. இவற்றைப் போலீஸ்காரர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டாம்.

டிரெய்லர் டயர்கள் பல 65 மைல் வேகத்துக்கு மட்டுமே தகுதி பெற்றவை. பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள். கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுப்பவருக்குச் சட்ட வேகம் 55 மைல்தான். சக்கர நட்டுகளை முதல் 50 மைலுக்குள் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

6. சனிக்கிழமை மட்டும் நகருங்கள்

டிரெய்லர்காரர்களிடம் ஒரு 3-3-3 விதி உண்டு. ஒரு நாளில் 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, மாலை 3 மணிக்குள் போய்ச் சேர், ஓரிடத்தில் 3 இரவாவது தங்கு. வேலை பார்க்கிறவர் இதில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: வேலை நாளில் இடம் மாறாதே. சனிக்கிழமை ஓட்டுங்கள். ஏதாவது பழுதானால் சரிசெய்ய ஞாயிறு இருக்கும்.

மாலை 3 மணிக்கு அர்த்தம் இருக்கிறது. இருட்டில், களைப்பில், முழு கேம்ப்கிரவுண்டும் நாற்காலி போட்டு வேடிக்கை பார்க்க ரிவர்ஸ் எடுப்பதுதான் குடும்பச் சண்டைகளின் பிறப்பிடம். ஸ்டீரிங்கின் அடிப்பகுதியைப் பிடியுங்கள். டிரெய்லரின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். சந்தேகம் வந்தால் இறங்கிப் பாருங்கள். நான்கு முறை இறங்கினாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள். கேம்ப்கிரவுண்ட் மேசையை இடித்தால்தான் சிரிப்பார்கள். கத்துவதை விட்டு, வழிகாட்டுகிறவரோடு போனில் பேசிக்கொள்ளுங்கள்.

7. கடிகாரம் உங்களைக் கவிழ்க்கும் ஊர்கள்

அரிசோனா கோடை நேரத்துக்குக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அதே மாநிலத்துக்குள் இருக்கும் நவஹோ நேஷன் மாற்றுகிறது. நவஹோ நிலத்தால் சூழப்பட்ட ஹோப்பி பகுதி மறுபடி மாற்றுவதில்லை. கோடையில் பேஜ் நகரிலிருந்து மான்யுமென்ட் வேலிக்குப் போனால் ஒரு மணி நேரம் காணாமல் போகும். மாநில எல்லை அருகே போன் எந்த டவரைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். காலை அலாரமும் அதன்படியே அடிக்கும். கிளையன்ட் கால் அப்படித்தான் தவறுகிறது. லேப்டாப்பின் நேர மண்டலத்தை ஹெட் ஆபீஸ் நேரத்தில் பூட்டி வையுங்கள். கையில் ஒரு சாதாரண வாட்ச், அதுவும் அதே நேரத்தில்.

8. கரன்ட்: 3,600 வாட்டுக்குள் குடித்தனம்

30 ஆம்ப் டிரெய்லருக்கு 120 வோல்ட்டில் கிடைப்பது மொத்தம் 3,600 வாட். கூரை ஏசி சுமார் 1,500. மைக்ரோவேவ் ஏறக்குறைய அதே அளவு. இன்ஸ்டன்ட் பாட் 1,000. மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் பிரேக்கர் விழும், ரௌட்டரும் கூடவே விழும். நீங்கள் டெமோவின் நடுவில் இருப்பீர்கள். தீர்வு மலிவானது: ரௌட்டருக்குச் சின்ன யுபிஎஸ், மீட்டிங் நேரத்தில் சமையல் கேஸில் மட்டும் என்று வீட்டில் ஓர் உடன்பாடு.

இன்னொரு ஆபத்து வீட்டு வாசலிலேயே இருக்கிறது. டிரெய்லரின் 30 ஆம்ப் சாக்கெட் 120 வோல்ட். டிரையர் சாக்கெட்டும் 30 ஆம்ப்தான், ஆனால் 240 வோல்ட். பழக்கமில்லாத எலக்ட்ரீஷியன் இரண்டையும் குழப்பி 240 கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஒரே நொடியில் டிரெய்லரின் மின்சாதனங்கள் கருகும். செருகும் முன் மீட்டர் வைத்துப் பாருங்கள். வோல்ட்டேஜ் தவறானால் துண்டிக்கும் சர்ஜ் புரொடெக்டர் இல்லாமல் எங்கும் செருகாதீர்கள்.

ஜெனரேட்டரை நம்பி நேஷனல் பார்க்கில் முகாம் போடுகிறவர்கள் விதியைப் படிக்க வேண்டும். யோசெமிட்டியில் காலை 7 முதல் 9, நண்பகல் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 வரைதான் ஓட்டலாம். உங்கள் ஆபீஸ் நேரம் அதில் அடங்காது.

9. நெட்வொர்க்குக்கு இரண்டு வழி

கேம்ப்கிரவுண்டின் இலவச வைஃபை, வானிலை பார்க்க உதவும். வீடியோ காலுக்கு உதவாது. ஸ்டார்லிங்க்குக்குத் திறந்த வானம் வேண்டும். கலிபோர்னியாவின் ரெட்வுட் காட்டுக்குள் அது கண்ணைக் கட்டிக்கொள்ளும். செல் சிக்னலோ பள்ளத்தாக்கில் செத்துப்போகும். ஆகவே ஸ்டார்லிங்க் ஒன்று, செல் இணைப்பு ஒன்று என இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் தோற்பது அபூர்வம். இடம் பதிவு செய்யும் முன் கவரேஜ் மேப் பாருங்கள். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை அப்லோட் வேகத்தை அளப்பது. டவுன்லோட் எண்ணைப் பார்த்து மகிழ்ந்து ஏமாறாதீர்கள். உங்கள் குரலும் முகமும் அப்லோடில்தான் போகின்றன.

10. பிளாக் டேங்க்

எல்லோரும் பேசக் கூச்சப்படும் விஷயம் இது. எல்லோரும் மாட்டுவதும் இதில்தான். டாய்லெட் கழிவு சேரும் தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்தால் சௌகரியம் என்று புதியவர்கள் நினைப்பார்கள். தண்ணீர் மட்டும் வடிந்து, மற்றது குவிந்து இறுகிவிடும். பிறகு அதை எடுக்க ஆள் கூப்பிட வேண்டும். வால்வை மூடியே வையுங்கள். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்த பின் ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். ஃபிளஷ் செய்யும்போதெல்லாம் தாராளமாகத் தண்ணீர் ஊற்றுங்கள்.

முதலில் பிளாக் டேங்க், அடுத்து குளியல், பாத்திரத் தண்ணீர் சேரும் கிரே டேங்க். இரண்டாவது, குழாயைக் கழுவிவிடும். மூடியைக் கழற்றும் முன் இரண்டு வால்வும் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். கையுறை கட்டாயம். குடிநீர் ஹோஸை இதன் பக்கமே கொண்டு வராதீர்கள். வேலை நாள் காலையில் இந்தப் பணியை வைத்துக்கொள்ளாதீர்கள்.

11. திரையில் என்ன தெரிகிறது?

மழை பெய்தால் டிரெய்லர் கூரை பறை அடிக்கும். ஏசி இரையும். சத்தத்தை வெட்டும் ஹெட்செட்டுக்குப் பணம் செலவழியுங்கள். பின்னணியில் கலைந்த கட்டில் தெரிய வேண்டாம். டீம் ஒரு பிழையோடு போராடும் நாளில் சூரிய அஸ்தமன போட்டோவைச் சேனலில் போடாதீர்கள். போட்டோ அழகாக இருக்கலாம். பார்ப்பவர் மனதில் பதிவது "இவர் லீவில் இருக்கிறார்" என்பதே. ஆபீஸில் இருந்தபோது கொடுத்ததைவிட ஒரு நாள் முன்னதாக வேலையை முடித்துக் கொடுங்கள். அதன் பிறகு எங்கிருந்து கொடுத்தீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இத்தனையும் படித்த பிறகும் ஆசை குறையவில்லையா? நல்லது. கடனில் கையெழுத்துப் போடும் முன் ஒரு டிரெய்லரை வாடகைக்கு எடுங்கள். லீவ் போடாமல் திங்கள் முதல் வெள்ளி வரை அதிலிருந்தே வேலை பாருங்கள், அனுமதி வாங்கிக்கொண்டு. அந்த வாரத்தில் உங்கள் டீமில் ஒருவர்கூட வித்தியாசம் உணரவில்லை என்றால், வாங்குங்கள்.