ஆணில்லாமல் பெருகும் மரவள்ளி மாவுப்பூச்சி

பொலிகிடாவை அவ்வப்போது மாற்ற வேண்டும் என்பது இலுப்பூர், அன்னவாசல் பக்கம் ஆடு வளர்ப்போருக்குத் தெரியாததல்ல. ஒரே கிடா தன் வழியில் பிறந்த பெட்டைகளோடும் சேர்ந்தால் நோஞ்சான் குட்டிகள் பிறக்கும். இரத்த உறவில் மறைந்து கிடக்கும் குறைகள் தாய் வழியும் தந்தை வழியும் ஒன்றுசேர்ந்து வெளிப்படுவதே காரணம்.

வெளிநாட்டிலிருந்து செடி, கரணையோடு ஒட்டி வந்து சேரும் பூச்சிகளும் சிலவே. அவற்றின் சந்ததி முழுவதும் நெருங்கிய உறவுதான். அப்படியிருந்தும் அவை நலியாமல் பரவுவது எப்படி? பல இனங்கள் வந்த சுவடே தெரியாமல் அழிகின்றன. நிலைத்துவிடும் சில இனங்களுக்குத் தனி வழி இருக்கிறது.

1990-ல் கூடலூரில் கண்டறியப்பட்ட காப்பிக்காய்த் துளைப்பானை எடுத்துக்கொள்வோம். ஒரு காய்க்குள் பிறந்த அண்ணனும் தங்கையும் அங்கேயே சேர்ந்துவிடும். தலைமுறை தலைமுறையாக இப்படி நடப்பதால், பெருங்குறை உள்ளவை முன்பே செத்து, சல்லடையில் சலித்தாற்போல் நல்ல வித்தே எஞ்சுகிறது.

மரவள்ளி மாவுப்பூச்சி இதற்கும் ஒரு படி மேலே. இதற்கு ஆணே வேண்டாம். தாயின் பாரம்பரியம் அப்படியே மகளுக்கு வருகிறது. ஒரு தாய்ப்பூச்சி சில நூறு முட்டைகள் இடும். 50 மட்டும் பிழைப்பதாக வைத்தாலும் மூன்றாம் தலைமுறையில் 1,25,000 ஆகிவிடும். தலைமுறைக்கு ஏறத்தாழ ஒரு மாதமே. வயலுக்கு ஒன்று வந்தால் போதும் என்பது இதனால்தான். மருந்துக்குத் தப்பும் தன்மை ஒன்றுக்கு வாய்த்தாலும் அதன் மகள்கள் எல்லாவற்றுக்கும் அது போய்ச் சேரும்.

தென் அமெரிக்காவைச் சேர்ந்த இப்பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவில் மரவள்ளியைச் சூறையாடியது. 1981-ல் பராகுவேயில் கண்டெடுத்த ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவிதான் அங்கே அதை அடக்கியது. நம் நாட்டில் 2020-ல் திருச்சூரில் தென்பட்டு, பின் தமிழகத்துக்கும் வந்தது. பெனின் நாட்டிலிருந்து தருவித்த அதே குளவி 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது.

இளஞ்சிவப்பு உடலில் வெண்மாவு பூசிய பூச்சி, நுனியிலை சுருண்டு கொத்தாவது, கணுவிடை குறுகுவது ஆகியவை அடையாளம். வெளி மாவட்டக் கரணை வாங்குவோர் விலையைப் பார்க்குமுன் கரணையின் கணுக்களைப் பாருங்கள். தாக்கிய வயலின் கரணை இனாமாகக் கிடைத்தாலும் வேண்டாம். நுனி சுருண்ட செடி ஓரிரண்டே என்றால் நுனியைக் கிள்ளி எரித்துவிடலாம். ஆனால் கெட்டியான பழுப்புக் கூடுகளாக மாறிய பூச்சிகள் இருந்தால் எரிக்கவேண்டாம். உள்ளே குளவி வளர்கிறது. அத்தகைய வயலில் மருந்து அடித்தால் முதலில் சாவது குளவிதான். சந்தேகம் இருந்தால் சுருண்ட நுனியொன்றைப் பையில் கட்டி, வம்பன் வேளாண்மை அறிவியல் நிலையத்தில் காட்டிக் கேளுங்கள்.