கப்பல் பத்திரத்தில் எந்தத் தேதி?

எல்.சி.யின் பேரில் சரக்கு அனுப்புகிறவர், பில் ஆப் லேடிங் எழுதப்பட்ட தேதியை மாத்திரம் பார்த்துத் திருப்தியடையலாகாது. சரக்குக் கப்பலில் ஏறிய நாள் அதில் தனியே குறிக்கப்பட்டிருந்தால் அந்நாளே கணக்கு.

ஒரு முறை சென்னைக்குக் கிராம்பு அனுப்பினேன். எல்.சி. அனுமதித்த கடைசி ஏற்றுமதி நாள் 5-ந் தேதி. பில் எழுதியது 3-ந் தேதி. நிம்மதியாயிருந்தேன். ஏறிய நாளோ 7! முன்தேதியிட்டு வாங்கலாமென்றார் ஒருவர். பொய்ப் பத்திரம் வேண்டாமென்றேன். பாங்க் மறுத்தது. விலையைக் குறைத்த பிறகே பணம் கிடைத்தது.

2007 முதல் நடப்பிலுள்ள யு.சி.பி. 600 விதிப்படி, எல்.சி.யில் வேறு கெடு இல்லாவிடில், ஏறிய நாளிலிருந்து 21 நாட்களுக்குள் பத்திரங்களைப் பாங்கில் கொடுக்க வேண்டும். எல்.சி. அதற்கு முன்பே காலாவதியானால் 21 நாள் பேச்சே இல்லை.