செயற்கை நுண்ணறிவிடம் நகைச்சுவை கேட்கும் விதம்

மகளிர் மலருக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுத விரும்பும் அன்பர்கள் சிலர், செயற்கை நுண்ணறிவிடம் எப்படிக் கேட்பது என்று என்னை விசாரித்தார்கள். ஓய்வுபெற்ற ரயில்வே என்ஜினீயருக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

ஏராளமான எழுத்துக்களைப் படித்துப் பழகிய யந்திரம் அது. ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணக்கிட்டு எழுதுகிறது. ஆகவே, "பெண் என்ஜினீயரைப் பற்றிச் சிரிக்க எழுது" என்று மட்டும் கேட்டால், பலரும் எழுதித் தேய்ந்த பூரிக்கட்டை ஜோக்தான் வரும். எனக்கும் வந்தது. விவரம் போதாத இடத்தில் ஆண்டையும் பெயரையும் தானே கற்பித்துக்கொள்வதும் உண்டு.

எனவே விவரத்தை நாமே கொடுக்க வேண்டும். நான் எடுத்துக்கொண்டது ஏ. லலிதாவை. 1919ல் சென்னையில் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம். 1937ல் கைக்குழந்தையோடு விதவையானார். 1940ல் கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் மின்பொறியியல் சேர்ந்தார். ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி பெற்றார். (ரயில்வேக்காரனுக்கு இதில் ஒரு தனி சந்தோஷம்!) பின்னாளில் நம் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸில் வேலை. பக்ரா நங்கல் அணையின் ஜெனரேட்டர் பணியிலும் அவருக்குப் பங்கு உண்டு.

இதில் சிரிப்பு எங்கே? பட்டச் சான்றிதழில். ஆண்களுக்கென்றே அச்சடித்த படிவம். 'ஹீ' என்றிருந்ததை அடித்து 'ஷீ' என்று திருத்திக் கொடுத்தார்களாம். ஒரு படிவத்தில் ஓர் எழுத்தை மாற்ற எத்தனை கையெழுத்து வேண்டும் என்பது சர்க்கார் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

விவரங்களைக் கொடுத்தபின் வந்த கட்டுரையில், விதவைக் கோலத்தை வைத்தே ஒரு வேடிக்கை இருந்தது. அதை வெட்டினேன். என் அத்தை ஒருத்தி பதினாறு வயதில் அந்தக் கோலம் பூண்டு, கடைசிவரை கொல்லைப்புற அறையைத் தாண்டாமலே போய்ச் சேர்ந்தாள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. "கேலி படிவத்தின் மேல் இருக்கட்டும், லலிதாவின் மேல் வேண்டாம். படிவமே பேசுவதாக எழுது" என்று கட்டளையிட்டேன். "என்னை அச்சடித்தபோது இப்படி ஒருத்தி வருவாள் என்று யாரும் சொல்லவில்லையே!" என்று படிவம் அங்கலாய்த்தது. நன்றாகவே இருந்தது.

வந்ததை வரி வரியாகச் சரிபார்க்கவும் வேண்டும். அங்கே லலிதா ஒருவரே மாணவி என்றிருந்தது. அதே காலத்தில் பி.கே. த்ரேசியா, லீலாம்மா ஜார்ஜ் இருவரும் கிண்டியில் சிவில் படித்தார்கள். அவர்களையும் சேர்க்கச் சொன்னேன். படிவத்தின் புலம்பல் மூன்று மடங்காயிற்று.