மாரா ஆற்றங்கரைக்கு முன் ஒரு வார்த்தை

என்னிடம் விலங்கியல் படித்த மாணவன் ஒருவன், வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் சேர்த்த பணத்தையெல்லாம் கொட்டி ஆகஸ்டில் கென்யா போய்வந்தான். வில்டபீஸ்ட் என்னும் மான்களின் கூட்டம் மாரா ஆற்றைக் கடப்பதைப் பார்க்க வேண்டும் என்று மூன்று நாள் கரையிலேயே கிடந்திருக்கிறான். "வண்டிங்கதான் சார் தெரிஞ்சுது" என்றான். எனக்கு மனசு ஆறவில்லை. அலுவலக நண்பர்கள் படம் போட்டார்களாம், இவனும் கிளம்பிவிட்டான். இன்னொரு மாணவிக்கு அப்பாவே திட்டம் போட்டுக் கொடுத்தார்: ஏழு நாளில் ஐந்து பூங்கா. பாதிப் பொழுது சாலையிலேயே கழிந்தது.

சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் கென்யா, தான்சானியா இரண்டிலும் தாராளமாகக் கிடைக்கும். அதைச் சொல்லத் தேவையில்லை. யானைப் பித்து உள்ளவர்கள் அம்போசெலி போகலாம். சின்த்தியா மாஸ் 1972-இல் தொடங்கிய ஆய்வில் அங்குள்ள யானைகளைக் குடும்பம் குடும்பமாக அடையாளம் கண்டு பதிந்திருக்கிறார்கள். கையில் ஒரே நாள்தான் என்றால் கோரோங்கோரோ எரிமலைப் பள்ளம்.

ஆற்றைக் கடக்கும் காட்சிக்கு வருகிறேன். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்கள் மழையையும் புல்லையும் தேடி செரெங்கெட்டியிலும் மாராவிலும் வருடம் முழுக்கச் சுற்றுகின்றன. ஜூலை முதல் அக்டோபர் வரை ஆற்றை இப்படியும் அப்படியும் கடக்கும். எந்த நாள், எந்தத் துறை என்பது அவற்றுக்கே தெரியாது. கரைக்கு வரும், மணிக்கணக்கில் நிற்கும், ஒன்று மிரண்டால் கூட்டமே திரும்பிவிடும். அதற்குள் ஓட்டுநர்கள் ரேடியோவில் ஒருவரை ஒருவர் அழைத்து, வண்டிகள் வந்து குவிந்துவிடும். இறங்கும் வழியையே வண்டிகள் அடைத்து நின்றதால் கூட்டம் திரும்பியதை நானே பார்த்திருக்கிறேன்; அன்று அந்த வண்டிகளில் ஒன்றில் நானும் இருந்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது. முதலை பாயும் அந்த ஒரு நிமிடத்துக்காக மற்ற நாட்களையெல்லாம் பலி கொடுக்காதீர்கள். அதே கூட்டத்தைப் பிப்ரவரியில் தெற்கே உண்டுட்டு சமவெளியில் பாருங்கள். சில வாரங்களுக்குள் லட்சக்கணக்கான கன்றுகள் பிறக்கும். விழுந்த கன்று சில நிமிடங்களில் எழுந்து தாயோடு ஓடும்.

என் மனம் நமீபியாவின் எட்டோஷா பூங்கா பக்கம் சாய்ந்தது. மே முதல் அக்டோபர் வரை வறட்சி. தண்ணீர் இருக்கும் குட்டைக்கு எல்லா உயிரும் வந்தாக வேண்டும். நாம் எதையும் துரத்த வேண்டாம். ஒகாகுவேயோ முகாமில் குட்டைக்கு இரவிலும் விளக்கு உண்டு, எதிரே பெஞ்சு போட்டிருக்கிறார்கள். நான் உட்கார்ந்த இரவில் இரண்டு மணி நேரம் ஒன்றுமே வரவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து படுக்கப் போனார்கள். பிறகு கருப்புக் காண்டாமிருகம் ஒன்று குட்டியோடு வந்தது. அது தண்ணீரை உறிஞ்சும் சத்தம் எங்கள் பெஞ்சு வரை கேட்டது.

முதலில் உங்கள் சுபாவத்தைக் கேளுங்கள். நடக்கப் பிடிக்குமா? ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வாவில் துப்பாக்கி ஏந்திய காவலரோடு நடந்தே பார்க்கலாம். உங்கள் இஷ்டத்துக்கு நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டுமா? தென்னாப்பிரிக்காவின் க்ரூகரில் சொந்தமாக ஓட்டலாம். நம் ஊர் போல இடதுபக்கம்தான், தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. உட்காரத் தெரிந்தவருக்கு எட்டோஷா. பொறுமையைப் பணம் கொடுத்து வாங்க முடியாது. ஊரில் ஒரு ஏரிக்கரையில் உட்கார்ந்து பழகினால்தான் வரும்.

என் மாணவனிடம் அது இருந்தது. பள்ளிக்கரணையில் கூட்டுக்குத் திரும்பும் ஒரு நீலத் தாழைக்கோழிக்காக அரை நாள் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தவன் அவன். மறுபடி பணம் சேர்க்கிறான். ஜூலை மாதம், ஒரே பூங்கா, ஆறு இரவு என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.