மணவாளக்குறிச்சி மணலும் மைக்செட் காந்தமும்



ஆடி மாதம் சுத்துக்கேணி ஊரில் அம்மனுக்குக் கூழ் வார்க்கும்போது மைக்செட்காரர் உயரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவதைப் பார்த்திருப்பாய். கல்யாண மேடையில் கறுப்பு ஸ்பீக்கர் பெட்டிகள் நிற்கும். குழாயின் பாட்டு வயல்வெளி தாண்டிக் கேட்கும். பெட்டியில் பம்பை அடி நெஞ்சில் இறங்கும்.

இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரே அமைப்புதான். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் 1925இல் வகுத்தது: காந்தத்தின் இடுக்கில் காயில் என்னும் ஒரு கம்பிச்சுருள், அதோடு ஒட்டிய தகடு. காயிலில் ஓடும் மின்சாரம் மாற மாற, தகடு முன்னும் பின்னும் ஆடிக் காற்றைத் தள்ளும். சாதாரணப் பெட்டியில் மின்சாரத்தின் ஒன்றிரண்டு சதவீதமே ஒலியாகும், மிச்சமெல்லாம் சூடு. குழாய் அந்தச் சதவீதத்தைப் பல மடங்கு உயர்த்துகிறது, ஆனால் தாழ்ந்த சுருதிகளைக் கைவிடுகிறது.

அந்தச் சூட்டில்தான் காயில் கருகும். பழைய ஸ்பீக்கர்களில் காயிலைக் காகித வளையத்தில் சுற்றினார்கள். இப்போது பல ஸ்பீக்கர்களில் பழுப்பு மஞ்சளில் பளபளக்கும் பாலிஇமைடு தாள். 200 டிகிரி செல்சியசுக்கு மேலும் தாங்கும்.

பெட்டியில் தகடாக இருக்கும் கூம்பு வடிவக் கோனின் பாடு இன்னும் கடினம். எடை குறைய வேண்டும், வளையக் கூடாது, தானாக ரீங்கரிக்கவும் கூடாது. மூன்றும் ஓரளவு கூடிவருவதால்தான் காகிதம் நூறாண்டாக நீடிக்கிறது. மழையில் நனைந்தாலும் ஊறாதது பாலிபுரொப்பிலீன். யமஹா 1974இல் பெரிலியத்தை உயர்சுருதிக்குக் கொண்டுவந்தது. இலேசும் விறைப்பும் கொண்ட அந்த உலோகத்தின் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. சோனி 1980களில் பாக்டீரியா நெய்த செல்லுலோஸை ஹெட்போனில் பயன்படுத்தியது. தேங்காய்த் தண்ணீரைப் புளிக்கவைத்துச் செய்யும் நாட்டா டி கோகோவும் அதே வகைப் பாக்டீரியாவின் வேலைதான்!

பெரிய மாற்றம் காந்தத்தில் வந்தது. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாதோ சகாவாவும் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களும் நியோடிமியக் காந்தத்தை உருவாக்கினர். அதே கன அளவு ஃபெரைட் காந்தத்தைவிட இதன் ஆற்றல் ஏறத்தாழ பத்து மடங்கு. ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிய பெட்டியை இன்று ஒருவரே தூக்கமுடிவதில் இதற்குப் பெரும் பங்குண்டு. குறையும் உண்டு: துருப்பிடிக்கும், அதனால் நிக்கல் பூசுவார்கள், சாதாரண ரகம் 80 டிகிரியைத் தாண்டினால் வலுவிழக்கும். விலை மலிவான ஃபெரைட் இன்னும் கடையில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த நியோடிமியம் நம் கடற்கரையிலும் இருக்கிறது. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி மணலில் நியோடிமியம் அடங்கிய மோனசைட் என்னும் கனிமம் உண்டு. அணுசக்தித் துறையின் கீழுள்ள ஐஆர்இஎல் நிறுவனம் அதைப் பிரித்தெடுக்கிறது. ஆனால் உலகின் நியோடிமியக் காந்தங்களில் பெரும்பகுதி சீனாவில் தயாராகிறது. மணல் எடுப்பதைக் கடலோர மக்கள் எதிர்க்கிறார்கள், அவர்களின் கவலை நியாயமானது. எனவே பழைய ஹார்ட் டிஸ்க்குகளிலும் ஸ்பீக்கர்களிலும் கிடக்கும் காந்தத்தை மீட்டெடுக்கும் வேலைதான் முதலில் நடக்கவேண்டும். வேதியியலும் உலோகவியலும் படித்த பிள்ளைகள் அதற்கு வேண்டும்.

அடுத்த முறை மைக்செட் கடைக்குப் போனால் கருகிப்போன யூனிட் ஒன்றைக் கேட்டு வாங்கு. மின் இணைப்பு இல்லாததைத்தான். திருகுகளைக் கழற்றி, காயில் எதன்மேல் சுற்றியிருக்கிறது, காந்தம் எது என்று பார்த்து எழுது.