ஊர்தியில் ஒலிக்கும் எண்ணிமப் பாடல்: கேட்பும் காப்பும்

தோற்றுவாய்

புதுவை வட்டாரத்தின் வில்லியனூர் சுல்தான்பேட்டையிலிருந்தோ பாகூர்க் கொம்யூன் சிற்றூர்களிலிருந்தோ ஒரு குடும்பம் நாகூருக்குப் புறப்படுகிறது என்று கொள்வோம். கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால் எனக் கடந்து செல்லும் வழி நெடியது. அவ்வழி முழுதும் மகிழுந்தில் 'இசைமுரசு' நாகூர் ஹனிபா அவர்களின் வெண்கலக் குரல் ஒலித்துக்கொண்டே வரும். முன்பு அக்குரல் ஒலிநாடாவிலிருந்து எழுந்தது. இன்று கைப்பேசியிலிருந்தோ விரல் அளவுள்ள பென்டிரைவிலிருந்தோ எழுகிறது.

ஆயினும் ஒரு வியப்பு. ஊர்தி புதியது, ஒலிக்கருவி விலையுயர்ந்தது, கதவுதோறும் ஒலிபெருக்கி உண்டு. இருந்தும் பாடல் பல நேரங்களில் மங்கியே கேட்கிறது. சொற்கள் ஒன்றோடொன்று குழைகின்றன. இதற்குக் காரணம் யாது? அக்காரணத்தை அறிந்தபின் நாம் ஆற்றவேண்டிய கடமை யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இசைக்கருவிகள் குறித்து மார்க்க அறிஞரிடையே வேறுபட்ட கருத்துகள் உண்டு. அவ்வாய்வு இங்கு நம் பொருளன்று. கிராஅத்தாயினும் பயானாயினும் பாடலாயினும் அது ஒலிக்கோப்பாகும் முறை ஒன்றே. செவி இறைவன் அருளிய அமானிதம். அதற்கு எட்டுவது செம்மையாக எட்டவேண்டும் என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

ஒலி எண்ணாகும் முறை

ஒலியைக் காலத்தால் அளக்கும் மரபு தமிழுக்குப் புதிதன்று. கண்ணிமைக்கும் நேரத்தையும் கைந்நொடிக்கும் நேரத்தையும் மாத்திரைக்கு அளவாகத் தந்தவர் தொல்காப்பியர். குற்றெழுத்துக்கு ஒன்று, நெட்டெழுத்துக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று அவர் வகுத்ததை மாணவர் நன்கறிவர்.

இன்றைய அறிவியலும் காலத்தைக் கூறுபடுத்தியே ஒலியைப் பதிகிறது. டிஜிட்டல் என உலகம் வழங்கும் முறையைத் தமிழில் எண்ணிமம் என்கிறோம். ஒலி என்பது காற்றின் அழுத்த அலை. அவ்வலையின் உயரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதி வைப்பதே எண்ணிமப் பதிவு. மனிதச் செவி ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வுகளைக் கேட்கும். ஓர் அதிர்வைப் பிழையின்றி மீட்க, அதன் எண்ணிக்கையைப் போல் இருமடங்குக்கும் மேலாக அளத்தல் வேண்டும் என்பது நைக்குவிஸ்ட், ஷானன் ஆகியோர் பெயரால் வழங்கும் தேற்றம். ஆதலால் 1982இல் சோனி, பிலிப்ஸ் நிறுவனங்கள் குறுந்தகட்டை வெளியிட்டபோது நொடிக்கு 44,100 அளவைகள் என்று வரையறுத்தன. கண்ணிமைப்பு நொடியின் பத்தில் ஒரு பங்கே எனக் கொண்டாலும், அதற்குள் 4,410 அளவைகள் எடுக்கப்படுகின்றன!

ஒவ்வோர் அளவையும் 16 இருமக் கூறுகளால், அதாவது 16 பிட்டுகளால் எழுதப்படுகிறது. அதனால் மெல்லொலி முதல் வல்லொலி வரை 65,536 படிநிலைகள் கிடைக்கின்றன. இடம், வலம் என்னும் இரு தடங்களையும் சேர்த்தால் ஒரு நொடிக்கு 14,11,200 பிட்டுகள். மூன்று நிமிடப் பாடல் ஒன்று ஏறத்தாழ 32 மெகாபைட் இடத்தைக் கொள்ளும்.

சுருக்கம் இருவகை

இத்துணைப் பெரிய கோப்புகளை அனுப்புவதும் சேமிப்பதும் ஒருகாலத்தில் அரிதாயிருந்தது. அதனால் சுருக்கும் முறைகள் தோன்றின. அவை இருவகைப்படும்.

முதல்வகை, இழப்புடைச் சுருக்கம். ஜெர்மனியின் பிரான்ஹோபர் ஆய்வகத்தார் பெரும்பங்காற்றி உருவாக்கி, 1990களின் தொடக்கத்தில் உலகத் தரமாகிய எம்.பி.3 இவ்வகையினது. ஓங்கிய ஓர் ஒலியின் அருகே எழும் மெல்லிய ஒலியைச் செவி உணராது என்னும் உண்மையைப் பற்றுக்கோடாகக் கொண்டு, செவிக்கு எட்டாது எனக் கருதும் கூறுகளை அது நீக்கிவிடும். நொடிக்கு 128 கிலோபிட் அளவில் அமைத்தால் அதே மூன்று நிமிடப் பாடல் ஏறத்தாழ 3 மெகாபைட்டாகிவிடும். பதினொன்றில் ஒரு பங்கே எஞ்சும்.

இரண்டாம்வகை, இழப்பிலாச் சுருக்கம். 2001இல் வெளிவந்த ஃபிளாக், 2004இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட அலாக் ஆகியன இவ்வகையின. இவற்றில் கோப்பு பெரும்பாலும் பாதியளவுக்குச் சற்று முன்பின்னாகக் குறையும். ஆனால் விரிக்கும்போது ஒரு பிட்டும் பிசகாமல் மூலம் அப்படியே வெளிப்படும்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இவ்வேறுபாட்டை எளிதில் விளக்கலாம். ஓலைச்சுவடியைக் கட்டி உறையிலிட்டு வைப்பது இழப்பிலாச் சுருக்கம்; கட்டை அவிழ்த்தால் பாட்டு முழுதாய்க் கிடைக்கும். பொழிப்புரை மட்டும் எழுதிக்கொண்டு மூலச் சுவடியை ஆற்றில் விடுவது இழப்புடைச் சுருக்கம். பொழிப்பு எவ்வளவு நன்றாயினும், அதைக்கொண்டு எதுகையும் மோனையும் கெடாமல் மூலத்தை மீண்டும் எழுதிவிட இயலாது.

எம்.பி.3 இழிந்தது என்பது நம் கருத்தன்று. நொடிக்கு 256 அல்லது 320 கிலோபிட் அளவில் செம்மையாக அமைத்த கோப்பை மூலத்தினின்று வேறுபடுத்தி அறிதல் பயின்ற செவிக்கும் கடினமே. தீங்கு விளைவது, 64 கிலோபிட்டுக்கும் கீழாகச் சுருக்கும்போதும், சுருக்கியதையே மீண்டும் மீண்டும் சுருக்கும்போதும்தான். ச, ஸ முதலியவற்றின் உரசொலி பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வாழ்வது. அப்பகுதி சிதையும்போது அரபியின் ஸே, ஸீன், ஸாத் என்னும் மூன்றும் ஒன்றாய்க் கலங்கித் தோன்றும். கிராஅத் பயிலும் சிறுவனுக்கு இஃது எத்தகைய இடர் என்பதைப் பெரியோர் அறிவர்.

தொடரும் கண்ணிகளும்

ஹதீஸ் கலையில் இஸ்னாத் என்னும் அறிவிப்பாளர் தொடர் ஆராயப்படுகிறது. தொடரில் ஒருவர் பலவீனமானவராயின், அவர்க்குப் பின்வருவோர் எத்துணை நம்பகமானவராயினும் அத்தொடர் பலவீனமானதே. மகிழுந்தில் ஒலி பயணம் செய்யும் வழியும் இத்தகையதே. மூலப்பதிவு, கோப்பு, அதை ஏந்தும் கருவி, இணைப்பு, எண்ணை அலையாக்கும் உறுப்பு, பெருக்கி, ஒலிபெருக்கி, ஊர்தியின் உள்வெளி என்று கண்ணிகள் பல. முன்னைய கண்ணி தொலைத்ததைப் பின்னைய கண்ணி எதுவும் மீட்டுத் தராது.

இவற்றுள் நம் கையில் மிகுதியும் இருப்பது இணைப்பாகும். அது மூவகை.

ஒன்று, பென்டிரைவ். இதில் கோப்பு மாறாமல் ஊர்தியின் கருவிக்குச் செல்கிறது. எனினும் பழைய கருவிகள் பல எம்.பி.3யை மட்டுமே படிக்கும். ஃபிளாக்கைப் படிக்குமா என்பதைக் கருவியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுதல் நன்று. பென்டிரைவ் எஃப்.ஏ.டி.32 அமைப்பில் இருந்தால்தான் பல கருவிகள் ஏற்கும். தமிழ் எழுத்துரு இல்லாத கருவியில் தமிழிலிட்ட பாடற்பெயர்கள் வெறுங்கட்டங்களாகத் தோன்றும். அதற்காகத் தமிழ்ப்பெயரை நீக்கிவிடாது, அதன் முன்னே 01, 02 என எண்ணிட்டு வைப்பின் வரிசையும் தெரியும், பெயரும் நிலைக்கும்.

இரண்டு, புளூடூத். கம்பி வேண்டாத எளிமை இதற்கு உண்டு. ஆனால் கைப்பேசியில் உள்ளது இழப்பிலாக் கோப்பாயினும், காற்றில் அனுப்புமுன் அது மீண்டும் சுருக்கப்படுகிறது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாகிய எஸ்.பி.சி. முறை, பரிந்துரைக்கப்பட்ட உயர்தர அமைப்பிலும் நொடிக்கு 328 கிலோபிட் அளவே கடத்தும். 2015இல் சோனி அறிமுகப்படுத்திய எல்டாக் 990 கிலோபிட் வரை கடத்தும். ஆனால் கைப்பேசி, ஊர்தி இரண்டுமே அதனை அறிந்திருத்தல் வேண்டும். முன்பே 64 கிலோபிட்டாகச் சுருக்கிய கோப்பு இவ்வழியே செல்லும்போது பொழிப்புக்குப் பொழிப்பு எழுதிய கதையாகிவிடும்.

மூன்று, செவிக்குழல் துளையிலிருந்து வரும் கம்பி. இதில் எண்ணை அலையாக்கும் பணியைக் கைப்பேசியே செய்துவிடுகிறது. கைப்பேசியின் ஒலியளவை உயர்த்தி வைத்து, ஊர்திக் கருவியில் அளவைக் குறைத்துக்கொண்டால் இரைச்சல் குறையும். மின்னேற்றிக்கொண்டே கேட்கும்போது எஞ்சின் வேகத்துக்கேற்ப ஓர் ஊளை எழுமாயின், அது பாடலின் குற்றமன்று, மின்வழிகளின் கலப்பே.

ஓடும் ஊர்தியில் செவி

இனி, மற்றொரு பக்கத்தையும் நேர்மையாகக் காணல் வேண்டும். நொடிக்கு 96,000 அளவைகள், 24 பிட் எனும் மிகுதரக் கோப்புகளை இந்நாளில் விலைக்குப் பெறலாம். ஓடும் ஊர்தியில் அவற்றால் கூடுதல் பயன் உண்டா? நெடுஞ்சாலையில் ஓடும் மகிழுந்தினுள் எஞ்சின், சக்கரம், காற்று ஆகியவற்றின் இரைச்சல் 60 முதல் 70 டெசிபெல் வரை எழும். குறுந்தகட்டுத் தரமே 96 டெசிபெல் விரிவை ஏந்தவல்லது. அதன் மெல்லொலிகளே இரைச்சலில் மூழ்கும் இடத்தில், அதனினும் மெல்லியவற்றைச் செவி எவ்வாறு பிரித்தறியும்? ஆதலால் ஓடும் வண்டிக்குக் குறுந்தகட்டுத் தரத்து ஃபிளாக்கோ, 256 கிலோபிட்டுக்குக் குறையாத எம்.பி.3யோ போதுமானது.

இளைஞர் பலர் இரைச்சலை வெல்ல அளவைக் கூட்டுகின்றனர். முழக்கவொலியை, அதாவது 'பேஸ்' என்பதை, எல்லைவரை திருகுகின்றனர். முழக்கம் மிகுந்தால் உயிர்மெய்யின் தெளிவு மறையும். பாட்டின் பொருள் போய்த் தாளமே எஞ்சும். பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல் அளவில் கேட்பதே காப்பான எல்லை என உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் செவிக்கருவிகளுக்கு வகுத்துள்ளன. பின்வரும் வண்டியின் ஒலிப்பான் ஓட்டுநருக்குக் கேட்கவேண்டும் என்பதும் மறக்கத்தக்கதன்று.

வண்டிக்கு ஒரு படி, பேழைக்கு ஒரு படி

இங்கேதான் நம் கட்டுரையின் உயிர்ப்பொருள் உள்ளது. வண்டிக்குப் போதுமானது என்பதால், வீட்டுக்கும் வருங்காலத்துக்கும் அதுவே போதும் என்று கொள்வது பெரும்பிழை.

பாகூரில் கிடைத்த, 9ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு, அங்கிருந்த கல்விக்கூடத்துக்கு ஊர்கள் கொடையளிக்கப்பட்டதைச் சொல்கிறது. கொடையைச் செம்பில் பொறித்து வைத்தமையால் அப்பள்ளியை நாம் இன்று அறிகிறோம். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை ஷைகு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் 1842இல் அச்சேற்றியிராவிடின் அக்காப்பியத்தின் நிலை என்னவாகியிருக்கும்? புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் முதலியன காத்த சைவச் சுவடித் தொகுதி 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றதும் நம் மண்ணுக்குரிய பெருமையே.

ஓலைக்குக் காட்டிய அக்கறையை ஒலிக்கும் காட்டினோமா? 1963இல் பிலிப்ஸ் அறிமுகப்படுத்திய ஒலிநாடா, பின்னாளில் நம் சிற்றூர்களின் நினைவுப் பெட்டகமாக விளங்கியது. கடைகளில் விற்ற நாடாக்களைக் குறிக்கவில்லை. மீலாது விழாவில் உள்ளூர் ஆலிம் ஆற்றிய உரை, திருமண வீட்டில் மூதாட்டியர் பாடிய வாழ்த்து, கந்தூரியில் பாடிய பக்கீரின் குரல், அண்டை வீட்டுத் தோழர் திருவிழாவில் பதிந்த நாகசுரம் ஆகியவற்றைக் குறிக்கிறோம். 1925இல் பிறந்து 2015இல் மறைந்த நாகூர் ஹனிபாவின் பாடல்களுக்குப் படிகள் பல உள. இவற்றுக்கோ உலகில் ஒரே படி. கடற்கரைச் சூழலின் ஈரத்தில் நாடா பூசணம் கொள்கிறது; அதன் காந்தப் பூச்சு உதிர்கிறது.

அவற்றை எண்ணிமமாக்கும் இளைஞர், வண்டியில் கேட்கத்தானே என்று 64 கிலோபிட்டில் பதிந்து, நாடாவையும் எறிந்துவிடுவாராயின் மூலம் என்றென்றும் மறைந்தது. பின்னர் அதை ஃபிளாக்காக மாற்றினாலும் கோப்பு பருக்குமேயன்றி ஒலி மீளாது. அது போலி இஸ்னாதை ஒக்கும்.

பன்னாட்டு ஒலி ஆவணக் கழகம் ஆவணப் பதிவுக்குக் குறைந்த அளவாக 48,000 அளவை, 24 பிட் எனவும், 96,000 அளவையே விரும்பத்தக்கது எனவும் பரிந்துரைக்கிறது. அவ்வுயர் அளவிலும் ஒரு மணி நேர நாடா ஏறத்தாழ 2 கிகாபைட் இடமே கொள்ளும். செய்முறையும் அரிதன்று. ஓட்டுக்கருவியின் தலையைத் துடைத்துத் தூய்மையாக்குக. நாடாவை ஒருமுறை முழுதும் சுற்றித் தளர்த்துக. தலையின் சாய்வை அந்நாடாவுக்கேற்பத் திருத்துக. சாய்வு பொருந்தாவிடின் நுண்ணொலி முதலில் மறையும். இரைச்சலை நீக்கும் மென்பொருளை மூலப்படியில் கைவைக்க விடாது, மறுபடியில் மட்டும் பயன்படுத்துக. பாடியவர், ஊர், நாள், பதிந்தவர் ஆகிய செய்திகளைத் தமிழில் எழுதிக் கோப்புடன் சேர்க்க. படிகளை இரண்டு மூன்று இடங்களில் வைக்க. அதன்பின், வண்டிக்கென்று ஒரு சிறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

நிறைவுரை

உயர்தர இசை என்பது விலையுயர்ந்த கருவியில் பிறப்பதன்று; முதற்படியின் தூய்மையில் பிறந்து, தொடரின் ஒவ்வொரு கண்ணியிலும் காக்கப்படுவது. தமிழ்த்துறை மாணவர்கள் விடுமுறை நாள்களில் வில்லியனூர், பாகூர்ச் சிற்றூர்களில் வீடுதோறும் சென்று பழைய நாடாக்களைத் தேடினால், அது களப்பணியும் ஆகும், மொழிப்பணியும் ஆகும். பெரியோர் தம் பரண்களைத் திறந்து தரவேண்டும். பதிவிலுள்ள குரல் யாருடையது என்று சொல்லவல்லவர்கள் அவர்களே. நாடா தேய்வதற்கு முன்பாகவும், அக்குரல்களை அடையாளம் காட்டும் நாவுகள் ஓய்வதற்கு முன்பாகவும் இப்பணி தொடங்கப்பெறுதல் வேண்டும்.