தோஸ்த் இருக்கு, கம்பெனி எங்கே?

ஓரகடம் ஜங்ஷன்ல ஒரு பத்து நிமிஷம் நின்னு பாருங்க. பெரிய பாரத்பென்ஸ் லாரிகளுக்கு நடுவுல குட்டியா அசோக் லேலண்ட் தோஸ்த் வண்டிகள் ஓடிட்டே இருக்கும். என் மாமாவும் ஒண்ணு வச்சிருக்கார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பார்ட்ஸ் லோடு அடிக்கிறார். 2016-ல டியூ பாதி கூட முடியல, அப்போ கேட்டார்: "ஏன்டா, நிஸான்காரன் விட்டுட்டுப் போறானாமே, இனிமே ஸ்பேர் கிடைக்குமா?" நான் எட்டாவது படிச்சிட்டிருந்தேன். பதில் தெரியல. இப்போ மெக்கானிக்கல் கடைசி வருஷம், உட்கார்ந்து படிச்சுட்டேன்.

கதை 2007-ல தொடங்குது. டாடா ஏஸ் 2005-லயே வந்து சின்ன லாரி மார்க்கெட்டைத் திறந்துவிட்டிருந்தது. லேலண்டிடம் பெரிய லாரியும் பஸ்ஸும்தான் இருந்தன. நிஸானிடம் சின்ன வண்டி டிசைன் இருந்தது, ஆனா இந்தியாவில் லாரி விற்க ஆள் இல்லை. ரெண்டு பேரும் கை குலுக்கினாங்க.

இங்கதான் கவனிக்கணும். ஒரு கம்பெனி இல்லை, மூணு கம்பெனி ஆரம்பிச்சாங்க. வண்டி தயாரிக்கும் கம்பெனியில் லேலண்டுக்கு 51 சதவீதம். இன்ஜின் கம்பெனியில் நிஸானுக்கு 51. டெக்னாலஜி கம்பெனியில் ஆளுக்குப் பாதி. பேப்பரில் அழகான பேலன்ஸ். ஆனா சண்டை வந்தா முடிவெடுக்க யாரும் இல்லாத அமைப்புன்னுதான் எனக்குத் தோணுது.

2011-ல தோஸ்த் வந்தது. நிஸானின் பழைய வேனட் வண்டியை அடிப்படையா வச்சு, 1.5 லிட்டர், மூணு சிலிண்டர் காமன் ரெயில் டீசல் இன்ஜின், 1.25 டன் லோடு. ஏஸுக்கு முக்கால் டன்தான், அதனால நடுவுல இருந்த இடைவெளியில் இது சரியா உட்கார்ந்தது. தயாரிச்சது லேலண்டின் ஓசூர் ஆலையில். பேரும் நம்ம ஊருக்குப் பொருத்தம், மெட்ராஸ்காரன் எப்பவோ 'தோஸ்த்து'ன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டானே!

அடுத்தது ஸ்டைல், 2013. இது ஓரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலையில் தயாரான நிஸான் எவாலியாவேதான், பேட்ஜும் சில வெளி மாற்றங்களும் மட்டும் வேற. எவாலியாவே சரியா விற்காத நேரம். அதே வண்டியை லாரி ஷோரூமில் வச்சா குடும்பத்தோட யார் வந்து பார்ப்பாங்க? 2015-ல நிறுத்திட்டாங்க. இதுக்கு நடுவுல 2012 முதல் 2014 வரை லாரி மார்க்கெட்டே படுத்துக் கிடந்தது. பார்ட்னர் லாரியும் மித்ர் பஸ்ஸும் 2014-ல வந்தன. தோஸ்த், பார்ட்னர், மித்ர், மூணுக்குமே அர்த்தம் கிட்டத்தட்ட நண்பன், கூட்டாளி. 2016-ல அந்த நண்பர்கள் கோர்ட் வரைக்கும் போயிட்டாங்க!

1910-கள்ல அமெரிக்காவிலும் நூற்றுக்கணக்கான சின்ன லாரி கம்பெனிகள் முளைச்சன. பல கம்பெனிகள் கான்டினென்டல் இன்ஜினையும் டிம்கன் ஆக்ஸிலையும் வாங்கிப் பூட்டி, தன் பேரை ஒட்டி வித்தன. முதல் உலகப்போருக்கு அப்புறம் ராணுவத்தின் மிச்ச லாரிகள் மார்க்கெட்டுக்கு வந்தன, 1920–21-ல பொருளாதாரமும் சரிஞ்சது. பல பேர் காணாமப் போனாங்க. முக்கியமான பாகம் அடுத்தவன்கிட்ட இருந்தா, கெட்ட காலத்துல கையில் பேர் மட்டும்தான் மிஞ்சும்.

தோஸ்த் தப்பிச்சதுக்குக் காரணம் லைசென்ஸ். 2016 செப்டம்பரில் சமரசம் ஆனது. நிஸானின் பங்குகளை லேலண்ட் வாங்கிக்கிட்டது, வண்டிகளைத் தொடர்ந்து தயாரிக்கும் உரிமையும் கிடைச்சது. ஏற்கனவே ஓசூரில் லைன் ஓடிட்டிருந்ததால நிறுத்த வேண்டிய அவசியமே வரல. அப்புறம் மூணு கம்பெனிகளும் தாய்க் கம்பெனியோட இணைஞ்சு பேரே மறைஞ்சுபோச்சு. 2020 செப்டம்பரில் லேலண்ட் தன் சொந்த பிளாட்ஃபார்மில் படா தோஸ்த் கொண்டு வந்தது. இனி டிசைனுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நம்ம சிலபஸில் சஸ்பென்ஷன் கணக்கு வரைக்கும் உண்டு. டிசைன் யாருக்குச் சொந்தம்னு ஒரு யூனிட் கூட இல்லை. ப்ளேஸ்மென்ட்டுக்கு வரும் கம்பெனி ஜாயின்ட் வென்ச்சர்னா, சம்பளத்தோட அதையும் கேட்டு வைங்க.

மாமா வண்டி இன்னும் ஓடுது. இதுவரைக்கும் ரெண்டு தடவை கிளட்ச் பிளேட் மாத்தியிருக்கார். ரெண்டு தடவையும் அன்னைக்கே கிடைச்சுது.